மலைத் தோட்டத்துப் பூச்சிக்கு எதை அடிப்பது?

கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்த ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தில் முட்டைக்கோஸ், பீன்ஸ், அவரை, கேரட் போட்டிருக்கிறேன். கோஸ் இலையெல்லாம் ஓட்டை. அவரைக் கொழுந்தில் கறுப்பாகப் பேன் அப்பிக் கிடக்கிறது. நட்ட நாற்று காலையில் பார்த்தால் அடியோடு அறுந்து கிடக்கிறது. வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், ஐந்திலைக் கரைசல் எல்லாம் அடித்தாயிற்று. கோவையில் மாடித்தோட்டத்தில் நன்றாகக் கேட்ட அதே கரைசல்கள் இங்கே ஏன் கேட்கவில்லை? ரசாயனம் வேண்டாம். எதை அடித்தால் நிற்கும்? அடுத்து உருளைக்கிழங்கும் போடலாமா?"

உங்கள் கரைசலில் குற்றமில்லை. அந்தப் பக்குவம் எல்லாமே வெயிலில், காய்ந்த காற்றில், சமவெளியில் பழகியவர்கள் சொன்னது. இங்கே ஆறாயிரம் அடி உயரத்தில் குளிரும் மஞ்சும் சேர்ந்து கணக்கை மாற்றிவிடுகின்றன. மலையில் காய்கறி போடுகிறவர் முதலில் இந்தக் குளிரைப் புரிந்துகொள்ள வேண்டும். அது நம் கரைசலைக் கெடுக்கிறது, ஆனால் நமக்கு வேறு பெரிய உதவியும் செய்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

வேப்பெண்ணெயையே எடுத்துக்கொள்வோம். வேப்பமரம் இந்தக் குளிரில் தழைக்காது. அதனால் கீழே போல வாசலில் கொட்டிக் கிடக்கும் வேப்பங்கொட்டையைப் பொறுக்கி இடித்துக் கரைசல் போட முடியாது, எண்ணெயை மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோதான் வாங்கி வரவேண்டும். வாங்கி வந்ததும் மார்கழி, தை மாதத்தில் பாட்டிலுக்குள் நெய் மாதிரி உறைந்துவிடும். அதைக் கரண்டியால் தோண்டிக் குழாய்த் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கட்டி கட்டியாக மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசிச் செடிக்கு மட்டும் எண்ணெய் போய் இலை கருகும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி இளக்குங்கள். காதி சோப்பு 5 கிராமைச் சீவி ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பால் மாதிரி வெளுத்து, மேலே எண்ணெய்ப் படலம் இல்லாமல் வந்தால்தான் கலந்திருக்கிறது என்று பொருள். லிட்டருக்கு 5 மில்லி போதும். வயலுக்கு 30 மில்லி வரை சொல்வார்கள், ஆனால் வீட்டுத் தோட்டத்தில் பிஞ்சு இலைக்கு 10 மில்லிக்கு மேல் நான் போகமாட்டேன்.

அடுத்து நேரம். மாலையில் தெளியுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வேம்பின் சத்து வெயிலில் சிதைந்துவிடும் என்பதால். சமவெளிக்கு அது சரி. இங்கே ஐந்து மணிக்கு மஞ்சு இறங்கிவிட்டால் இலை விடியும்வரை காயாது. ராத்திரி முழுக்க ஈரமாக நிற்கும் இலையில் பூஞ்சை நோய் பிடிக்கும், உருளையிலும் தக்காளியிலும் இலைக்கருகல் அப்படித்தான் கிளம்புகிறது. மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு, வெயில் தணிந்து ஆனால் மஞ்சு வருவதற்கு முன் தெளித்துவிடுங்கள். இலை காய்ந்தபின் இருட்ட வேண்டும்.

ஐந்திலைக் கரைசல், மீன் அமிலம் போன்ற ஊறல்களுக்கும் இதே சங்கதி. கீழே பத்துப் பதினைந்து நாளில் புளித்துத் தயாராவது இங்கே அந்த நாளில் பாதிகூட ஊறியிருக்காது. நாளைப் பார்த்து எடுக்காமல், இலை கரைந்து நிறமும் மணமும் மாறிவிட்டதா என்று பார்த்து எடுங்கள். அடுப்படி ஓரத்தில், கதகதப்பான இடத்தில் வைத்தால் கொஞ்சம் சீக்கிரம் ஆகும். இஞ்சி பூண்டு மிளகாய் பரவாயில்லை, அரைத்த அன்றே வடிகட்டித் தெளிக்கலாம். ஆனால் அது பூச்சியை விரட்டும் அளவுக்குத்தான், கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு தூறல் போட்டால் கழுவிக்கொண்டு போய்விடும்.

சரி, குளிர் செய்யும் உதவி என்ன? பூச்சிக்கு உடம்புச் சூடு சொந்தமாகக் கிடையாது. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு வேகத்தில்தான் அது வளரும். கோஸ் இலையில் ஓட்டை போடுகிற வைரமுதுகு அந்துப்பூச்சி சமவெளி வெயிலில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக ஏறக்குறைய இரண்டரை வாரத்தில் வளர்ந்துவிடும். நம் மலைக் குளிரில் அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதாவது கீழே இரண்டு தலைமுறை பெருகும் காலத்தில் இங்கே ஒன்றுதான். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஒரு புழுவைப் பார்த்ததும் தெளிப்பானைத் தூக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை காலையில் காபி டம்ளரோடு ஒரு நடை நடந்து இலையைத் திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலான தொல்லையைக் கையாலேயே அடக்கிவிடலாம். மூன்று சென்ட் என்பது கைக்கு அடங்கும் அளவு.

ஆனால் யார் தின்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்று சேதமும் மூன்று வேறு பூச்சிகளின் வேலை, மூன்றுக்கும் ஒரே கரைசல் கிடையாது.

நாற்று அறுந்து கிடப்பது வெட்டுப்புழு. வேப்பெண்ணெய் இதைத் தொடவே தொடாது, ஏனென்றால் நீங்கள் இலையில் தெளிக்கும்போது அது மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. ராத்திரி வெளியே வந்து தண்டை மண் மட்டத்தில் கடித்துத் தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். காலையில் அறுந்த நாற்றைப் பார்த்தால், அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு விரலால் மண்ணைக் கிளறுங்கள். ஓர் அங்குல ஆழத்துக்குள் கிடைத்துவிடும். மண் நிறத்தில், கொழகொழவென்று, தொட்டதும் வளையமாகச் சுருண்டுகொள்ளும். எடுத்து நசுக்குங்கள். அதை விட்டுவைத்தால் மறுநாள் பக்கத்து நாற்று போகும், ஏனென்றால் அது தூரமாகப் போகாமல் வரிசையிலேயே அடுத்தடுத்து வெட்டும். புதிதாக நடும்போது ஒவ்வொரு நாற்றுக்கும் செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டித் தண்டைச் சுற்றி நிறுத்துங்கள். இரண்டு விரல்கடை மண்ணுக்குள், மூன்று விரல்கடை வெளியே. தண்டு பென்சில் கனம் ஆகும்வரைதான் ஆபத்து, அதற்குள் காகிதம் தானே மக்கிவிடும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பாத்தியைக் கொத்திக் களையெல்லாம் எடுத்துச் சும்மா போட்டுவையுங்கள். மைனாவும் கொண்டைக்குருவியும் வந்து மீதி வேலையைச் செய்யும்.

கொத்தும்போது வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, தடித்த புழு கிடைத்தால் அது வேர்ப்புழு. அரைகுறையாக மக்கிய சாணத்தோடுதான் பெரும்பாலும் வருகிறது. குளிரில் எரு மக்கவும் நாளாகும், அதனால் போன வருடத்துக் குப்பையைத்தான் இந்த வருடம் போட வேண்டும். சித்திரை, வைகாசியில் முதல் மழை பெய்ததும் அந்தி நேரத்தில் விளக்கைச் சுற்றிப் பழுப்பு வண்டுகள் மோதுமே, அவைதான் இதன் தாய். வாசல் விளக்குக்குக் கீழே அகலமான சட்டியில் சோப்புத் தண்ணீர் வைத்தால் நிறைய விழும்.

இப்போது முட்டைக்கோஸ். மலைக்காய்கறி போடும் எவரும் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், நானும் இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வைரமுதுகுப் புழுவை அடையாளம் காண்பது எளிது. இலையின் அடிப்பக்கத்தில் வெளிர்பச்சையாக, அரை அங்குலத்துக்கும் குறைவாக, இரண்டு முனையும் கூராக இருக்கும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொடுங்கள், படபடவென்று துடித்துப் பின்னால் நகரும், அல்லது மெல்லிய நூல் விட்டு இலையிலிருந்து கீழே தொங்கும். சின்னப் புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்று மேல்தோலைக் கண்ணாடித்தாள் மாதிரி விட்டுவைக்கும், பிறகுதான் அது கிழிந்து ஓட்டையாகும்.

இந்தப் பூச்சியை மருந்தடித்து ஒழிக்க நினைத்தவர்கள் உலகம் முழுக்கத் தோற்றிருக்கிறார்கள். டிடிடி-க்குத் தாக்குப்பிடித்த முதல் பயிர்ப்பூச்சி என்று 1953-ல் ஜாவாவில் பதிவானது இதுதான். அதற்குப் பின் வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டது. ஆகவே வாராவாரம் தெளிக்கும் வழியில், அது ரசாயனமோ இயற்கையோ, நாம் ஜெயிக்கப் போவதில்லை.

நீலகிரியில் நமக்கு ஓர் அருமையான துணை இருக்கிறது, நிறையப் பேருக்கு அது தெரியவே தெரியாது. டயடெக்மா செமிகிளாசம் என்கிற சின்னக் குளவி. கறுப்பாக, ஒல்லியாக, ஒரு பெரிய எறும்பு அளவுதான் இருக்கும், நம்மைக் கொட்டாது. தைவானிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு 1990-களில் இந்த மலையில் நிலைத்துவிட்டது. அதற்குக் குளிர் வேண்டும், சமவெளி வெயிலில் தாங்காது. வைரமுதுகுப் புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகும். புழு வழக்கம்போலத் தின்றுகொண்டு நடமாடும். கூடு கட்டும் நேரத்தில் உள்ளிருக்கும் குளவிக்குஞ்சு அதை முழுக்கத் தின்றுவிடும். அந்தக் கூட்டிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் குளவி வெளியே வரும்.

உங்கள் கோஸ் இலையின் அடியில் கூடுகளைப் பாருங்கள். வலைத்துணி மாதிரி மெல்லிய கூடு, உள்ளே பச்சைக் கூட்டுப்புழு தெளிவாகத் தெரிகிறது என்றால் அது அந்துப்பூச்சி, நசுக்கிவிடுங்கள். அதே வலைக்குள் பழுப்பும் சாம்பலுமாக, உள்ளே எதுவும் தெரியாமல், கெட்டியாக ஒரு சின்னப் பீப்பாய் இருந்தால் அது டயடெக்மா. அந்த இலையைக் கிள்ளாதீர்கள். ஏற்கெனவே உதிர்ந்த இலை என்றால் எடுத்துச் செடி அடியில் நிழலில் போட்டுவையுங்கள், எரிக்க வேண்டாம். எத்தனை பீப்பாய், எத்தனை பச்சைக் கூடு என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே நிலவரம் புரிந்துவிடும். பீப்பாய் பாதிக்குப் பாதி வந்துவிட்டால் நான் எதையும் தெளிக்கமாட்டேன். கண்ட கரைசலையும் பொழிந்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான், அதன் உடம்பு அவ்வளவு மென்மை.

குளவிக்குச் சாப்பாடு வேண்டும், அது தேன் குடித்து வாழ்கிறது. கோஸ் மட்டுமே நிற்கிற பாத்தியில் பூ ஏது? ஓரத்தில் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். முள்ளங்கி இரண்டைப் பிடுங்காமல் விட்டால் அதுவும் பூக்கும். சோயிக்கீரை, சோம்பு இரண்டும் நல்லது. பொடிப்பொடியாகப் பூக்கிற செடிதான் முக்கியம். அழகான பெரிய பூவில் இந்தக் குளவியின் குட்டை வாய்க்குத் தேன் எட்டாது.

அப்புறம் கடுகு. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை இது: இருபத்தைந்து வரிசை கோஸுக்கு ஒரு ஜோடி வரிசை வீதம் கடுகு. அதில் ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும், மறு வரிசையை நட்ட 25-ம் நாளும் விதைக்க வேண்டும். அந்துப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு பிடிக்கும், அதில் போய் முட்டை வைக்கும், பேனும் அங்கே கூடும். வீட்டுத் தோட்டத்தில் பாத்தியின் இரண்டு ஓரத்திலும் சமையலறைக் கடுகையே தூவிவிடலாம். ஆனால் கடுகை நட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. அதில் புழு ஏறியதும் அதற்கு மட்டும் வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும், அல்லது புழுவோடு பிடுங்கி மண்ணில் ஆழமாகப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே பூச்சிக்கு நாற்றங்கால் போட்ட கதையாகிவிடும்.

இதையெல்லாம் மீறிப் புழு ஏறி, கோஸ் இன்னும் உருண்டை கட்டாமல் நடுக்குருத்தைத் தின்கிறது என்றால், அப்போது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, பொடியாகவும் திரவமாகவும் உரக்கடையில் பி.டி. என்று கேட்டால் தருவார்கள். பொடி என்றால் லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம், இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும், தின்றதும் வாய் கட்டிவிடும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூட. மறுநாளே புழு உயிரோடு இருக்கிறதே என்று திரும்பத் தெளிக்காதீர்கள். இலையில் புது ஓட்டை விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். குளவிக்கும் தேனீக்கும் மனிதருக்கும் இது தீங்கு செய்யாது. ஆனால் ஹவாய் போன்ற இடங்களில் ஓயாமல் இதையே அடித்ததில் இதற்கும் வைரமுதுகு பழகிவிட்டது. ஒரு பட்டத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

பழைய கொசுவலை இருந்தால் மூங்கில் தப்பையை வளைத்து நாற்றங்கால் மேல் கூடாரமாகப் போடுங்கள். வலை இலையைத் தொடக் கூடாது, தொட்டால் அந்துப்பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே முட்டை வைத்துவிடும். ஓரங்களை மண் போட்டு மூடுங்கள். நாற்றுப் பருவத்தோடு வலையை எடுத்துவிடுவது என் பழக்கம். உள்ளே ஒரு பேன் அகப்பட்டுவிட்டால், அதைத் தின்ன எதுவும் வர முடியாமல் ஒன்று ஆயிரமாகிவிடும்.

அவரைக் கொழுந்தில் இருப்பது அசுவினி. நாம் பேன் என்கிறோம். இது முட்டையிட்டுப் பொரித்து வளரும் வரை காத்திருப்பதில்லை, ஆண் துணைகூட இல்லாமல் நேரடியாகக் குட்டி போடும், அந்தக் குட்டி பிறக்கும்போதே வயிற்றில் அடுத்த குட்டியைச் சுமந்துகொண்டிருக்கும். மழை இல்லாத தை, மாசியில்தான் அதிகம் பார்ப்பீர்கள். கொடி அதிகக் கொழுப்பாக, கரும்பச்சையாக இருந்தால் பேன் கூடும். நீங்கள் கோழி எருவோ கடலைப் பிண்ணாக்கோ நிறையப் போட்டிருந்தால் அதை நிறுத்துங்கள், பாதி குறையும்.

முதலில் தண்ணீர்க் குழாயில் விரலை வைத்து அழுத்திப் பீய்ச்சி அடியுங்கள். கீழே விழுந்த பேன் பெரும்பாலும் திரும்ப ஏறாது. அப்பிக் கிடக்கும் நுனியை விரலால் வழித்துவிடலாம், அல்லது கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். கோஸில் வரும் சாம்பல் நிறப் பேனுக்கு உடம்பெல்லாம் மெழுகுப் பொடி, வெறும் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதற்குக் காதி சோப்புக் கரைசல் வேண்டும், லிட்டருக்கு 5 கிராம், பேன் மேல் நேரடியாகப் பட வேண்டும். விறகடுப்புச் சாம்பலைப் பனி ஈரத்தோடு தூவுவது இங்கே எல்லோரும் செய்வது, வறண்ட மாதத்தில் நல்லது. மஞ்சு நாளில் அது சேறாகி இலையில் ஒட்டிக்கொள்கிறது, அப்போது வேண்டாம். மண்ணில் விழும் சாம்பல் வீண் போகாது, நம் மலை மண் புளிப்பு மண், கோஸுக்கு அது கொஞ்சம் தணிவது நல்லது.

கரைசல் எடுக்கும் முன் ஒரு கைலென்ஸ், இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கி, பேன் கூட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சில பேன்கள் ஊதி, உருண்டு, பழுப்புக் காகிதம் மாதிரி அசையாமல் இருக்கும், முதுகில் வட்டமாக ஒரு துளை. அதற்குள்ளிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிவிட்டது. கால் இல்லாத, வழவழப்பான, பச்சையோ மங்கலோ ஆன ஒரு புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தால் அது மிதவை ஈயின் குஞ்சு, பேனைத் தூக்கிப் பிடித்து உறிஞ்சும். கோஸ் புழு என்று நினைத்து இதைத்தான் நிறையப் பேர் நசுக்குகிறார்கள். கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை போல ஆறு காலில் ஓடுவது பொறிவண்டின் குஞ்சு. வளர்ந்த வண்டைவிட இது அதிகம் தின்னும்.

பொறிவண்டின் பலத்தை இந்த மலை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1928-ல் நீலகிரியின் சீகை (வாட்டில்) மரங்களில் பஞ்சுச் செதில் பூச்சி வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து உலகெங்கும் பரவிய பூச்சி. அதற்கு எதிராக அதே ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ரொடோலியா என்கிற சிவப்புப் பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்டார்கள். தெளிப்பானால் எட்ட முடியாத உயர மரங்களில் அந்த வண்டு ஏறி வேலையை முடித்தது. ஒரு காட்டுக்கே அது போதுமென்றால் உங்கள் அவரைப் பந்தலுக்குப் போதாதா? நீங்கள் செய்ய வேண்டியது எறும்பைத் தடுப்பதுதான். பேன் கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டுக் குஞ்சைக் கடித்து விரட்டும். பந்தல் காலில் துணியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுங்கள், காய்ந்ததும் மறுபடி தடவுங்கள்.

மழைக்காலத்தில் மஞ்சு விடாமல் பிடித்துக்கொண்டால் பூஞ்சை நமக்குத் தோழன். வெர்டிசிலியம், பவேரியா என்று பாக்கெட்டில் கிடைப்பவை பூச்சியின் உடம்பில் முளைக்கும் பூஞ்சைகள். அவற்றுக்கு ஈரம் வேண்டும். சமவெளியில் இதற்காக மாலை வரை காத்திருப்பார்கள், நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்கவே தோதுதான். பேனுக்கு வெர்டிசிலியம், பாக்கெட்டில் சொன்ன அளவு, பெரும்பாலும் லிட்டருக்கு 5 கிராம். இதையும் பூஞ்சை நோய்க்கான மருந்தையும் ஒரே வாரத்தில் தெளித்தால் காசு வீண்.

நத்தையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மழை வந்ததும் கேட்பீர்கள். கூடில்லாத நத்தையும் கூடுள்ளதும் ராத்திரியில் இலையை ஒழுங்கில்லாமல் கடிக்கும், பளபளவென்று கோடு போட்டுவிட்டுப் போகும். ஈரச் சாக்கைப் பாத்தி ஓரத்தில் போட்டு, அடியில் இரண்டு கோஸ் இலை வைத்து, காலையில் புரட்டிப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை மண்ணில் கொட்ட வேண்டாம், செடி கெட்டுவிடும்.

மஞ்சள் ஒட்டும் அட்டை பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை ஈ, இலைத்துளைப்பான் ஈ, பறக்கும் பேன் எல்லாம் விழும், உண்மைதான். அதே அட்டையில் மிதவை ஈயும் ஒட்டுண்ணிக் குளவியும் விழும். என்ன பூச்சி வருகிறது என்று அறிய ஓர் அட்டை வையுங்கள், தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். பீன்ஸ், பட்டாணி இலையில் வெள்ளைக் கோலம் போடுகிற இலைத்துளைப்பானுக்கு, கோலத்தின் முனையில் இரண்டு விரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் புழு செத்துவிடும்.

புகையிலைக் கஷாயம், ஊமத்தை இலைச் சாறு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் அது பாதுகாப்பாகிவிடாது. நிக்கோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம், நாளைக்கே பறித்துச் சமைக்கும் கீரைக்குப் பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. தக்காளி, மிளகாய், உருளைக்குப் புகையிலையிலிருந்து வைரஸ் நோயும் ஒட்டும். பொறிவண்டும் குளவியும் தப்பாது. குழந்தைகள் விளையாடும் தோட்டத்தில் ஒரு பாட்டிலில் அது நிற்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

கடைசியாக உருளைக்கிழங்கு. போடலாம், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போடுங்கள். நீலகிரி மண்ணில் 1961-ல் உருளையின் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது, கொடைக்கானல் பக்கமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புழு, வேரைத் துளைத்து உறிஞ்சும். செடி காரணமில்லாமல் குட்டையாகி, பகலில் வாடினால் மெதுவாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அதுதான். பழுத்துப் பழுப்பான மணி ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை, மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். எந்தக் கரைசலும் அதைத் தொடாது. ஒரே பாத்தியில் உருளையைத் திரும்பப் போடாமல் மூன்று நான்கு வருடம் பூண்டு, கேரட், கோஸ், பீன்ஸ் என்று மாற்றுவதே வழி. தக்காளியும் கத்தரியும் உருளையின் சொந்தக்காரர்கள், அந்த மாற்றில் அவை சேராது. அடுத்தவர் வயலில் வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் உங்கள் தோட்டத்துக்குள் விடாதீர்கள், வண்டி மண்ணும் வாங்க வேண்டாம். இந்த நூற்புழுவைத் தாங்கவென்றே வந்த ரகம் குஃப்ரி சுவர்ணா. விதைக்கிழங்கு கிடைத்தால் அதையே போடுங்கள்.

இரண்டாவது, கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சி. கிழங்கு வெளியே தெரியாதபடி மண் அணைத்துக்கொண்டே வாருங்கள், வெடிப்பு வழியாகத்தான் அது முட்டை வைக்கும். தோண்டிய கிழங்கை ராத்திரி வெளியே விடாமல் அன்றே உள்ளே எடுத்துவிடுங்கள். வைக்கும் இடத்தில் நறுக்கி உலர்த்திய உண்ணிச்செடி இலையோ யூகலிப்டஸ் இலையோ கீழே ஒரு விரல்கடை கனம் பரப்பி, கிழங்கைக் குவித்து, மேலேயும் அதே இலையால் மூடுங்கள். இரண்டுக்கும் நம் மலையில் பஞ்சமே இல்லை. இலை ஈரம் பிடித்துப் பூத்தால் மாற்றிவிடுங்கள். உண்ணி இலை ஆடு மாட்டுக்கு விஷம், பழைய இலையை அவை மேயும் பக்கம் கொட்டாமல் குழியில் போட்டு மூடிவிடுங்கள்.